கார்னர் மாநிலப் பூங்கா

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், யுவால்டி நகருக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், ஃப்ரியோ ஆற்றங்கரையில் அமைந்துள்ள முகாம் பூங்கா. பரப்பு 1,774 ஏக்கர். ஆறு இதனுள் நாலரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. இரவு தங்குவோர் கூட்டத்தில் டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுள் முன்னிற்பது. இதைவிடப் பெரிய பூங்காக்களும் கண்ணுக்கு எடுப்பானவையும் அந்த மாநிலத்தில் பல உண்டு. ஆனாலும் மூன்று தலைமுறைகளாகக் குடும்பங்கள் கோடைதோறும் இங்கேதான் வந்து கூடாரம் போடுகின்றன.

எட்வர்ட்ஸ் பீடபூமியின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் கசியும் ஊற்றுகளே ஃப்ரியோ ஆற்றுக்குப் பிறப்பிடம். ஊற்று நீர் என்பதால் உச்சிக் கோடையிலும் குளிர்ந்திருக்கும்; அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம் என்ற அளவுக்குத் தெளிவு. கரையின் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள் நீரில் கால் நனைத்து நிற்கின்றன. ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்தில் இலையை முற்றிலும் உதிர்த்துவிடும் வகை அது. மேலே குன்றுகளில் ஜூனிப்பர் காடு. உலகில் டெக்சாஸில் மட்டுமே கூடு கட்டும் பொற்கன்னக் கதிர்க்குருவி, அந்த மரத்தின் பட்டையை உரித்துத்தான் கூடு பின்னுகிறது. 1990 முதல் அது அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. லிப்பான் அப்பாச்சி, கொமாஞ்சி மக்கள் நடமாடிய பள்ளத்தாக்கு இது. ஐரோப்பிய வழிக் குடியேறிகள் வந்து பண்ணை போட்டது 19-ஆம் நூற்றாண்டில்.

மாநிலப் பூங்கா என்ற ஏற்பாடு அமெரிக்காவில் பரவியதற்கு மோட்டார் கார் ஒரு பெரிய காரணம். கார் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் சனி, ஞாயிறுகளில் ஊருக்கு வெளியே போய்ச் சாலையோரத்திலும் வயலோரத்திலும் கூடாரம் அடிக்கத் தொடங்கின. தேசியப் பூங்காக்களோ தொலைவில், பெரும்பாலும் மேற்குக் கோடியில் இருந்தன. தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மாத்தரின் முயற்சியால் 1921-இல் ஐயோவா மாநிலத்தின் டி மாய்ன் நகரில் மாநிலப் பூங்காக்களுக்கான முதல் தேசிய மாநாடு கூடியது. அதே காலத்தில் டெக்சாஸ் ஆளுநராக இருந்த பாட் நெஃபின் தாயார் இசபெல்லா, லியான் ஆற்றங்கரையில் தமக்கிருந்த ஆறு ஏக்கரை ஊர்மக்கள் பொழுதுபோக்குக்கென்று உயில் எழுதி வைத்தார். டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களின் தொடக்கமாக அந்த நிலத்தையே சொல்வது வழக்கம். 1923-இல் நெஃப் பூங்கா வாரியத்தை அமைத்தார். நிலம் வாங்க வாரியத்திடம் பணம் இல்லாததால், காரில் ஊர் ஊராகப் போய் நன்கொடை நிலம் கேட்டார்கள். இதனால் வாரியம் பத்தாண்டுகள் பெயரளவில்தான் இருந்தது என்பதே உண்மை.

நிலைமையை மாற்றியது பொருளாதாரப் பெருமந்தம். 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு வேலையற்ற இளைஞர்களுக்காகக் குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படையைத் தொடங்கியது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் ஏறத்தாழ 25 டாலர் நேரே வீட்டுக்குப் போகும். கார்னர் பூங்காவை 1935 முதல் 1941 வரை கட்டியவர்கள் இந்த இளைஞர்களே. முகாமை நடத்தியது ராணுவம்; கட்டுமானத் திட்டம் தேசியப் பூங்காத் துறையினுடையது. தூரத்திலிருந்து பொருள் தருவிக்காமல் அந்த மண்ணின் சுண்ணாம்புக் கல்லையும் சைப்ரஸ் மரத்தையும் கொண்டே மண்டபம், தங்கும் குடில்கள், நடைபாதைகள் எல்லாவற்றையும் எழுப்பினார்கள். கட்டடம் குன்றிலிருந்து தானே முளைத்ததுபோல் இருக்க வேண்டும் என்பது அக்காலப் பூங்காக் கட்டடக் கலையின் கொள்கை. இங்கே அது நன்றாகவே பலித்திருக்கிறது. கற்கட்டு வேலை பழகாத கிராமத்துப் பையன்கள் கட்டிய சுவர்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

பூங்காவின் பெயர் யுவால்டிக்காரரான ஜான் நான்ஸ் கார்னருக்கு உரியது. நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகராக இருந்தவர்; 1933 முதல் 1941 வரை ரூஸ்வெல்ட்டின் துணை அதிபர். மூன்றாம் முறை போட்டியிட முனைந்த ரூஸ்வெல்ட்டோடு மனம் முறிந்து, 1941 ஜனவரியில் பதவி முடிந்ததும் ஊர் திரும்பினார். பூங்காவும் அதே ஆண்டில் திறக்கப்பட்டது. 1967-இல், 98 வயதில் கார்னர் மறைந்தார்.

மற்ற பூங்காக்களுக்கு இல்லாத ஒரு சிறப்பு இதற்கு உண்டு: ஜூக்பாக்ஸ் நடனம். 1940-களில் தொடங்கி, கோடை இரவுகளில் கல் மண்டபத்தின் திறந்த முற்றத்தில் இசைப்பெட்டி பாட, முகாமிட்டவர்கள் கூடி ஆடுகிறார்கள். பகலில் லாரி டயரின் உட்குழாயில் உட்கார்ந்து ஆற்றோடு மிதப்பது, மாலையில் கரி அடுப்பில் இறைச்சி வாட்டுவது, இருட்டியதும் மண்டபத்துக்குப் போவது என்பதே பலரது கோடை. அங்கே சந்தித்து மணந்துகொண்டவர்கள் பிறகு பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் வருவது சாதாரணம். 1960-களில் பாடகர் பி. ஜே. தாமஸ் இந்தப் பூங்காவின் பெயரிலேயே ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். அந்த இனிய நினைவுகள் எல்லோருக்கும் உரியவையாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1960-களின் தொடக்கம் வரை டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் நிறப் பாகுபாடு நிலவியது. பூங்காக்களைக் கட்டிய படையிலேயே கறுப்பின இளைஞர்களைப் பெரும்பாலும் தனி முகாம்களில்தான் வைத்திருந்தார்கள். 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பின் பாகுபாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

நிர்வாகத்தைப் பொறுத்தவரை, 1963-இல் பூங்கா வாரியமும் வேட்டை, மீன்வள ஆணையமும் இணைக்கப்பட்டு டெக்சாஸ் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை உருவானது. பணத் தட்டுப்பாடு மட்டும் தீரவில்லை. விளையாட்டுப் பொருள்கள் மீதான விற்பனை வரியைப் பூங்காக்களுக்குக் கொடுப்பது என்று 1993-இல் சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதியைச் சட்டமன்றம் பல ஆண்டுகள் வேறு செலவுகளுக்குத் திருப்பிக்கொண்டது. 2019-இல் வாக்காளர்கள் அரசியலமைப்பையே திருத்தி அந்த வழியை அடைத்தார்கள். 2023-இல் புதிய பூங்காக்களுக்கு 100 கோடி டாலர் நிதியத்துக்கும் ஒப்புதல் தந்தார்கள்.

இப்போதைய கவலை பணத்தைவிடத் தண்ணீர். ஊற்றை நம்பிய ஆறு என்பதால் மழை பொய்த்தால் நேரே அடிபடுகிறது. 2022, 2023 கோடைகளில் ஓட்டம் நின்று ஆறு ஆங்காங்கே குட்டைகளாகச் சுருங்கியது. கொட்டினாலும் ஆபத்துதான். பாறை நிலம் நீரை உடனே உறிஞ்சாததால் இப்பகுதியில் வெள்ளம் சில மணி நேரத்தில் ஏறிவிடும். ஆற்றோரத்தில் கூடாரம் போட்டவர்கள் வானிலை எச்சரிக்கையை அலட்சியம் செய்யக்கூடாது.

கூடார இடம், வலையடித்த கொட்டகை, குடில் என்று வசதிக்கேற்ப இங்கே தங்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தம் கூடாது. தங்குமிடங்களுக்கு ஐந்து மாதம் முன்பே முன்பதிவு தொடங்குகிறது. கோடை வார இறுதிகளுக்கு அப்போதே முந்திக்கொள்ளாதவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. பகல் மட்டும் வந்து போவோரும் நுழைவுச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.