சின்ன வயசு காயம் காலேஜ்ல வலிக்குமா? மாணவர்களின் மனச்சோர்வுக்குப் பின்னால் இருப்பது என்ன?

ஸ்கூல்ல நல்லா படிச்ச பையன், காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன ஆறே மாதத்தில் வகுப்புக்கே போவதில்லை. கேட்டால், "எல்லாம் செல்போனால வந்தது" என்பார்கள் வீட்டில். காரணம் பத்துப் பன்னிரண்டு வருஷம் பின்னாலும் இருக்கலாம்.

மனச்சோர்வு என்றால்?

செய்திகளில்கூட மன அழுத்தமும் மனச்சோர்வும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. பரீட்சை நேரத்தில் வருவது மன அழுத்தம். அது முடிந்தால் பெரும்பாலும் போய்விடும். இரண்டு வாரமாகியும் சோகமோ, எதிலும் பிடிப்பின்மையோ நீங்காமல், தூக்கம், பசி, கவனம் எல்லாம் கெட்டால் அது மனச்சோர்வு. சிகிச்சை தேவைப்படும் நோய்.

தொடர்பு எப்படித் தெரிந்தது?

அமெரிக்காவின் சான் டியாகோவில் 1980-களில் உடல் பருமன் சிகிச்சை அளித்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, எடை நன்றாகக் குறைந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கவனித்தார். பேசிப் பார்த்ததில், பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள்! பிறகு ராபர்ட் ஆண்டாவுடன் சேர்ந்து 17,000-க்கும் அதிகமானோரிடம் ஆய்வு நடத்தினார். முதல் கட்டுரை 1998-ல் வெளியானது. அடி, அவமானப்படுத்தும் பேச்சு, புறக்கணிப்பு, வீட்டில் குடிப்பழக்கம், அம்மா அடி வாங்குவதைப் பார்ப்பது போன்றவை கணக்கில் எடுக்கப்பட்டன. நான்கு அல்லது அதற்கு மேல் அனுபவித்தவர்களுக்கு மனச்சோர்வு, குடி, போதை, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்றது ஆய்வு.

"அடிச்சு வளர்த்தாதான் உருப்படுவான்" என்பது நம்மூர் பேச்சு. மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி, உதைக்கு ஆளானது தெரியவந்தது.

ஏன் கல்லூரியில்?

பயத்திலேயே வளரும் குழந்தையின் உடல், ஆபத்து இல்லாதபோதும் உஷாராகவே இருக்கப் பழகிவிடுகிறது. மனநோய்கள் பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்குவதும் இளவயதில்தான். புது ஊர், அரியர், ராகிங், காதல் முறிவு என ஏதாவது ஒன்று போதும், பழைய காயம் கிளறப்படும். வீட்டில் யாரையும் நம்பிப் பழகாதவர், விடுதியிலும் யாரிடமும் சொல்ல மாட்டார்.

அப்படியென்றால் எல்லோருக்கும் வருமா?

இல்லை. இது ஆபத்தைக் கூட்டும் காரணி, தலையெழுத்து அல்ல. பெரியவர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னதை வைத்த ஆய்வு என்பதால், இன்னாருக்கு வரும் என்று அதை வைத்துச் சொல்லவும் முடியாது. சிறுவயதில் நம்பிக்கையான ஒரு பாட்டியோ டீச்சரோ இருந்தாலே பாதிப்பு குறையலாம்.

கவுன்சிலிங், தேவைப்பட்டால் மாத்திரை, இரண்டுமே பலன் தரும். 24 மணி நேரமும் இயங்கும் அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.