எரிவாயு குழாய் விரிவாக்கம்: கருத்துக் கேட்டு வந்தால் நாம் என்ன சொல்ல வேண்டும்?

கையில் கேள்வித்தாளுடன் ஒருவர் வீட்டு வாசலுக்கு வருகிறார். "இந்தப் பக்கம் எரிவாயு குழாய் ஒன்று பதிக்கப் போகிறார்கள். உங்கள் கருத்து என்ன?" என்று கேட்கிறார். பெயர், வயது, தொழில், எத்தனை ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதையெல்லாம் குறித்துக்கொள்கிறார். நம்மில் பலர், "எங்களுக்கு என்ன தெரியும், பார்த்துச் செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

அவர் வந்திருப்பது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்காக இருக்கலாம். ஆங்கிலத்தில் சுருக்கமாக இ.ஐ.ஏ. என்பார்கள். குழாய் பதிப்பதற்கு முன்பே நம் பேச்சு அரசாங்கக் கோப்பில் ஏறக்கூடிய வாய்ப்பு அது. அதை வீணாக்காமல் இருக்க, இந்த மதிப்பீடு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மண்ணுக்கடியில் ஓடும் குழாய்

தீபகற்ப மலேசியாவின் எரிவாயு குழாய்க் கட்டமைப்பு திரெங்கானு மாநிலம் கெர்த்தேயில் தொடங்குகிறது. அதன் முதல் கட்டம் 1984-இல் முடிந்தது. அடுத்த கட்டத்தில் குழாய் ஜொகூர் வழியாகத் தெற்கேயும், கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்கி மேற்கேயும் நீண்டது. 1992 முதல் சிங்கப்பூருக்கும் இதன் வழியே எரிவாயு போகிறது. பிறகு வடக்கே கெடா, பெர்லிஸ் வரை சென்றது. இன்று மொத்த நீளம் 2,500 கிலோமீட்டருக்கும் மேல். நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் கணிசமான பங்கு, இந்தக் குழாயில் வரும் எரிவாயுவைக் கொண்டே தயாராகிறது.

எரிவாயுத் தேவை கூடும்போது மூன்று வழிகளில் விரிவாக்கம் செய்வார்கள். இருக்கும் குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாயைப் பதிப்பது ஒரு வழி. வாயுவை அழுத்தித் தள்ளும் நிலையங்களைக் கூட்டுவது இன்னொரு வழி. புதிய ஆலைக்கோ மின் நிலையத்துக்கோ கிளைக் குழாய் இழுப்பது மூன்றாவது. இவற்றில் எது நடந்தாலும் பாதை செம்பனைத் தோட்டத்தையோ, ஆற்றையோ, தாமான்களின் பின்புறத்தையோ கடந்துதான் போகும்.

சட்டம் சொல்வது என்ன?

1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 34A பிரிவுதான் இந்த மதிப்பீட்டுக்கு அடிப்படை. எந்தெந்த வேலைகளுக்கு மதிப்பீடு கட்டாயம் என்ற முதல் பட்டியல் 1987-இல் வந்து, 1988 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. குழாய்களைப் பொறுத்தவரை, அந்தப் பட்டியலில் 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலடிக் குழாய்கள் மட்டுமே இருந்தன. நிலத்தில் பதிக்கும் குழாயைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

2015-இல் வந்த புதிய ஆணை இதை மாற்றியது. இப்போது கடலிலோ நிலத்திலோ 30 கிலோமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள எண்ணெய், எரிவாயு குழாய்களுக்கு மதிப்பீடு கட்டாயம். அது முடிந்து, சுற்றுச்சூழல் இலாகா ஒப்புதல் தரும்வரை மண்ணில் கைவைக்க முடியாது.

இதிலிருந்து நமக்குத் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. பழைய குழாய்களில் பல, நிலத்தடிக் குழாய்க்கு இந்த விதி இல்லாத காலத்தில் பதிக்கப்பட்டவை. ஆகவே, "இங்கே ஏற்கெனவே குழாய் இருக்கிறது, இன்னொன்று போடுவதில் என்ன புதிய பிரச்சினை?" என்று யாராவது கேட்டால் வாயடைத்துப் போக வேண்டாம். அந்தப் பாதையைப் பற்றி முழுமையாகக் கேட்பதற்கு விரிவாக்கமே தக்க நேரம்.

சபா, சரவாக் மாநிலங்களுக்கு இந்த விஷயத்தில் தனிச் சட்டங்கள் உள்ளன. இங்கே சொல்லும் நடைமுறை தீபகற்பத்துக்கு உரியது.

ஏன் மண்ணைப் பற்றிப் பேச வேண்டும்?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை 8 மணி கடந்த சிறிது நேரத்தில் சிலாங்கூர், புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயு குழாய் வெடித்தது. தீ 30 மீட்டர் உயரத்துக்கும் மேல் எழுந்தது. வால்வுகளை மூடிய பிறகும், குழாயில் மிச்சமிருந்த வாயு எரிந்து அடங்கப் பிற்பகல் ஆகிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். பல குடும்பங்கள் ஒரே காலையில் வீடு, வாகனம், துணிமணி எல்லாவற்றையும் இழந்தன.

விசாரணை முடிவு ஜூன் 30-ஆம் தேதி வெளியானது. சதிவேலைக்கு ஆதாரம் இல்லை என்று அதில் சொல்லப்பட்டது. குழாயைத் தாங்கியிருந்த மண் வலுவிழந்ததும், அதனால் குழாய் நாளடைவில் அழுத்தத்துக்கு உள்ளானதும் காரணமாகக் காட்டப்பட்டன.

சபாவிலிருந்து சரவாக்குக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் பதிக்கப்பட்ட குழாயிலும் இதே பாடம் உண்டு. 2014 ஜூன் மாதம் லாவாஸ் அருகே அது வெடித்தது. 2022 செப்டம்பரில் அதே குழாயில் மண் நகர்வால் கசிவு ஏற்பட்டது.

குழாயின் இரும்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அடியில் உள்ள நிலம் அசைந்தால் ஆபத்துதான். அந்த நிலத்தைப் பற்றி நன்றாக அறிந்தவர்கள் யார்? நிபுணர்கள் துளையிட்டு மண் மாதிரி எடுப்பார்கள். அது தேவையான வேலை. ஆனால் துளைகள் குறிப்பிட்ட சில இடங்களில்தான் இருக்கும். எந்தத் தாழ்வான பகுதியில் மழைக்கு மழை தண்ணீர் தேங்கும், எந்தக் கால்வாயைத் திசை திருப்பினார்கள், எங்கே குளத்தை மண் கொட்டி மூடினார்கள், எந்தக் கரை ஆண்டுதோறும் சரியும் என்பதெல்லாம், அங்கே பால்மரம் சீவியவருக்கும் செம்பனைக் குலை வெட்டியவருக்கும் தெரியும். அது கோப்பில் ஏறினால்தான் பயன்.

நிலப்பட்டா இல்லாதவரும் பேசலாம்

தோட்டத்து லயங்களில் இருப்பவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. நிலம் தோட்ட நிர்வாகத்துடையது, நமக்கு என்ன உரிமை என்று நினைப்பார்கள். குழாய்க்காக நிலம் எடுக்கும்போது இழப்பீடு 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் நடக்கும். அங்கே நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்பதுதான் முக்கியக் கேள்வி. சுற்றுச்சூழல் மதிப்பீடு அப்படியல்ல. அதில் பார்ப்பது, திட்டத்தால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை. பட்டா இல்லாதவரும், வாடகைக்கு இருப்பவரும், பக்கத்துப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் கருத்துச் சொல்லலாம்.

தோட்டத்துக் கோயில், இடுகாடு, தமிழ்ப்பள்ளி ஆகியவை நில வரைபடத்தில் தனியாகக் குறிக்கப்படாமல் போகக்கூடும். ஆய்வுக் குழுவினர் வரும்போது அவற்றை நேரில் காட்டி, அறிக்கையின் வரைபடத்தில் சேர்க்கச் சொல்ல வேண்டும். பாதை முடிவான பிறகு சொல்வதைவிட அப்போதே சொல்வது எளிது.

மதிப்பீடு எப்படி நடக்கிறது?

முதலில், திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம், சுற்றுச்சூழல் இலாகாவில் பதிவு பெற்ற ஆலோசகர்களை நியமிக்கிறது. என்னென்ன ஆராய வேண்டும் என்ற எல்லை வகுக்கப்படுகிறது. பிறகு மண், ஆறு, காற்று, ஒலி, விலங்கு, மக்கள் வாழ்க்கை ஆகியவற்றை ஆய்வு செய்து அறிக்கை எழுதுகிறார்கள். அதை இலாகா பரிசீலித்து ஒப்புதல் தரலாம், நிபந்தனை விதிக்கலாம், நிராகரிக்கவும் செய்யலாம்.

2015 ஆணையில் இரண்டு பட்டியல்கள் உள்ளன. இரண்டாம் பட்டியலில் உள்ள திட்டங்களின் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். குழாய் திட்டம் முதல் பட்டியலில் வருகிறது. இதில் ஆய்வுக் குழுவே கணக்கெடுப்பு, கலந்துரையாடல், கூட்டம் போன்ற வழிகளில் மக்களின் கருத்தைத் திரட்டும். அதனால்தான் வாசலுக்கு வரும் அந்தக் கேள்வித்தாளை அலட்சியம் செய்யக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்விகள்

* புதிய குழாய் எங்கள் வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் எத்தனை மீட்டர் தள்ளிப் போகிறது? வேறு பாதை ஆராயப்பட்டதா?

* எங்கள் பகுதியில் மண் சோதனை எங்கே செய்தீர்கள்? சதுப்பு நிலத்திலும் வெள்ளம் ஏறும் இடத்திலும் குழாயை எப்படித் தாங்க வைப்பீர்கள்?

* ஆற்றைக் கடக்கும் இடத்தில் கரையை வெட்டுவீர்களா, ஆற்றுக்கடியில் துளையிட்டு இழுப்பீர்களா? சேறு கலந்த நீர் ஆற்றில் போகாமல் என்ன தடுப்பு?

* பழைய குழாய்க்குப் பக்கத்தில் தோண்டும்போது அதற்கு என்ன பாதுகாப்பு? அதை உள்ளே கருவி விட்டுச் சோதித்தீர்களா?

* அவசரத்தில் வாயுவை அடைக்கும் வால்வு எங்கே உள்ளது? அதை மூட எவ்வளவு நேரம் ஆகும்? எங்களுக்கு எச்சரிக்கை எப்படி வரும்?

* ஆபத்துக் கணக்கு என்ன சொல்கிறது? சுற்றுச்சூழல் இலாகாவின் வழிகாட்டியில், குடியிருப்புப் பகுதியில் ஒருவர் உயிரிழக்கும் வாய்ப்பு ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. தொழிற்பேட்டைக்கு அது லட்சத்தில் ஒன்று. அந்தக் கோடு வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

பதில் சொல்லும் முறையும் முக்கியம். "வேண்டாம்", "பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அது ஒரு எண்ணிக்கையாகப் போய்விடும். "கோயிலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் பெரிய மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், இதோ படம்" என்று சொன்னால், அதற்கு ஆய்வுக் குழு பதில் எழுதியாக வேண்டிய நிலை வரும். வாயால் சொன்னதை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதி, மாநிலச் சுற்றுச்சூழல் இலாகாவுக்கும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மலாய் எழுதத் தெரிந்த இளைஞர் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்.

ஒப்புதலுக்குப் பிறகு

ஒப்புதல் கிடைத்ததோடு கதை முடிவதில்லை. நிபந்தனைகளும் சுற்றுச்சூழல் நிர்வாகத் திட்டமும் கட்டுமானக் காலம் முழுக்க நடப்பில் இருக்கும். ஆறு கலங்கினாலோ, வேலை நடக்கும் இடத்தில் மண் சரிந்தாலோ, தேதியும் நேரமும் குறித்துப் படம் எடுத்து இலாகாவுக்குப் புகார் செய்யலாம்.

நமக்கும் கடமை உண்டு. குழாய்ப் பாதையில் நட்டிருக்கும் குறிக்கம்பங்களை அகற்றக் கூடாது. அதன் மேல் வீடு கட்டுவதும், அனுமதியில்லாமல் தோண்டுவதும், பெரிய மரம் நடுவதும் ஆபத்து. சீறும் சத்தம் கேட்டாலோ, நிலத்திலிருந்து புழுதி கிளம்பினாலோ, பாதை ஓரத்துப் புல் காரணமின்றிக் கருகினாலோ, வாசனை வரவில்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். பெரிய குழாய்களில் ஓடும் வாயுவில் வாசனைப் பொருள் கலக்காமலும் இருக்கலாம். நெருப்பு மூட்டாமல், வாகனத்தை முடுக்காமல் தள்ளிப் போய், கம்பத்தில் உள்ள எண்ணுக்கோ 999-க்கோ அழையுங்கள்.

நாட்டுக்கு எரிவாயு தேவை. குழாய் விரிவாக்கமும் வரத்தான் செய்யும். அது எந்த மண்ணில், யார் வீட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதை முடிவு செய்யும் முன்பே கேட்பதற்காக ஏற்பட்டதுதான் இந்த மதிப்பீடு. அடுத்த முறை கேள்வித்தாளுடன் யாராவது வந்தால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, தெரிந்ததையெல்லாம் சொல்லி அனுப்புங்கள்.