கழற்றி வைக்கப் பிறந்த கை

மண்வெட்டி பிடித்தவருக்குத் தெரியும், மண் தன் பக்கம்தான் வரும். ஓங்கி வெட்டிப் பிடியை இழுத்தால், வெட்டிய மண் காலடியில் வந்து சேரும். மேலைநாட்டு ஷவல் இதற்கு நேர் எதிர். காலால் மிதித்து முன்னால் தள்ளி அள்ளவேண்டும். மண் தோண்டும் இயந்திரக் கையான பேக்ஹோவின் பெயருக்குள் இருப்பதும் மண்வெட்டியின் இழுப்புதான். 'ஹோ' என்றால் மண்வெட்டி. டிராக்டரின் முதுகில் தொங்குவதால் 'பேக்' வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மண்ணைப் பின்னோக்கித் தன்னிடம் இழுப்பதால் வந்தது.

எந்த நிறுவனத்தின் பேக்ஹோ வண்டி வந்தாலும் தமிழ்நாட்டில் அதற்கு 'ஜேசிபி' என்றுதான் பெயர். அந்தப் பெயர் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் அதைவிட மூத்த கதை ஒன்று மறைந்துபோயிற்று. பேக்ஹோ தனி வண்டியாகப் பிறக்கவில்லை. உழவர் வைத்திருந்த சின்ன டிராக்டரில் மாட்டிக்கொள்ளும் கருவியாகப் பிறந்தது.

பிறந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஹபார்ட்ஸ்டன் என்ற சிற்றூர். பனியாறுகள் உருட்டி வந்து போட்டுவிட்டுப் போன கற்கள் நிறைந்த நிலம் அது. வயலோரங்களில் நீண்டு கிடக்கும் கல்சுவர்கள், நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கியெடுத்த கற்களால் எழுந்தவை. குளிர்காலத்தில் தரையே உறைந்துபோகும். அதனால் தண்ணீர்க் குழாயை 4 அடிக்கும் கீழே புதைக்கவேண்டும். இல்லையென்றால் உறைந்து வெடித்துவிடும். அந்தக் கல்மண்ணில் கையால் 4 அடி தோண்டுவது என்ன பாடு என்பது, நம் கரட்டு நிலத்தில் கடப்பாரை போட்டவர்களுக்குப் புரியும்.

பேக்ஹோ பிறக்கும் முன் தோண்டும் இயந்திரங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இரும்புக் கயிற்றில் ஓடியவை. கயிற்றால் இழுக்க முடியும், தள்ள முடியாது. வாளி மண்ணில் இறங்க அதன் சொந்த எடைதான் துணை. ஆகவே இயந்திரம் கனமாக இருந்தே ஆகவேண்டும். அதை ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் கொண்டுபோவது எப்படி?

1947-இல் வைனோ ஹோலோபைனன், ராய் ஹேண்டி என்ற இருவர் இதற்கு விடை கண்டார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அவர்களுடைய நிறுவனத்துக்கு வெய்ன்-ராய் என்று பெயர். கயிற்றை விட்டு எண்ணெய் அழுத்தத்துக்கு வந்தார்கள். உருளைக்குள் எண்ணெய் ஒரு பக்கம் புகுந்தால் தண்டு நீளும், மறுபக்கம் புகுந்தால் சுருங்கும். தள்ளவும் செய்யும், இழுக்கவும் செய்யும். வாளியை மண்ணுக்குள் அழுத்த இனி பெரிய எடை வேண்டாம். அதைவிட எனக்கு வியப்பாக இருப்பது அவர்கள் செய்த திரும்பும் சட்டம். கயிற்று இயந்திரத்தில் தோண்டிய மண்ணை ஓரமாகக் கொட்ட மேல்கட்டு முழுவதும் சுழலவேண்டும். இவர்கள் டிராக்டரை அசையாமல் நிற்கவிட்டு, பின்னால் நட்ட கம்பத்தில் கதவு கீலில் திரும்புவதுபோல் கையை மட்டும் திருப்பினார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று ஒரு மனிதன் மண்வெட்டி போடும் அசைவுகள் நான்கும் இரும்பில் வந்துவிட்டன.

1948 ஏப்ரலில் கனெக்டிகட் லைட் அண்ட் பவர் என்ற மின் நிறுவனம் அவர்களுடைய முதல் பேக்ஹோவை வாங்கியது. விலை 705 டாலர். அது ஏறிய டிராக்டர் ஃபோர்டு 8என். முப்பது குதிரைத்திறன்கூட இல்லாத, ஒரு டன்னைச் சற்றே தாண்டிய, உழவுக்கென்று செய்த வண்டி.

பிறகு காலம் வேறு பக்கம் போயிற்று. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1953-இல் முன்னால் அள்ளும் வாளியையும் பின்னால் தோண்டும் கையையும் ஒரே டிராக்டரில் சேர்த்தார். 1957-இல் அமெரிக்காவில் கேஸ் நிறுவனம் தொழிற்சாலையிலேயே இரண்டையும் பொருத்திய 320 என்ற வண்டியை இறக்கியது. மாட்டிக்கொண்ட கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. நாள் முழுக்கத் தோண்டுகிற ஒப்பந்தக்காரருக்கு அதுதான் சரி. ஆனால் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஆண்டில் பத்து நாள்தான் தோண்டும் வேலை. மற்ற நாள்களில் அவர் டிராக்டர் உழவேண்டும், புல் வெட்டவேண்டும், உரம் இழுக்கவேண்டும்.

1969-இல் குபோட்டா எல்200 என்ற சின்ன டிராக்டர் அமெரிக்காவுக்கு வந்தது. அது திறந்த வழியில் சிறு டிராக்டர்கள் பெருகப் பெருக, கழற்றி மாட்டும் பேக்ஹோவுக்கு மறுபடியும் இடம் கிடைத்தது. அதை எப்படி மாட்டுவது என்பதில்தான் ஆபத்து இருந்தது. கலப்பை மாட்டும் மும்முனை இணைப்பு, இழுவைக்கென்று வந்தது. அதிலேயே பேக்ஹோவையும் தொங்கவிட்டால், வாளி பாறையில் சிக்கி இழுக்கும்போது கருவி மேல்நோக்கி மடியக்கூடும். அதன் இருக்கையில் இருப்பவர் டிராக்டருக்கும் கருவிக்கும் நடுவே நசுங்கிவிடக்கூடும். தோண்டும் விசை முழுவதும் பின் அச்சுப் பெட்டியில் விழுவதால் டிராக்டரே அங்கே பிளந்துபோகலாம். அடிச்சட்டம் வந்தது இதனால்தான். டிராக்டரின் வயிற்றுக்கடியில் முன்பக்கம்வரை ஓடி, விசையை நீளத்துக்கும் பகிர்ந்துகொடுக்கும் இரும்புச் சட்டம் அது. வாங்குபவர் எவராக இருந்தாலும் விலையைப் பார்க்கும் முன் இந்தச் சட்டத்தைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மாட்டும் முறை பார்க்க அழகானது. டிராக்டரைப் பின்னோக்கி ஓட்டிவந்து, கொட்டகையில் நிற்கும் கருவியின் அருகில் நிறுத்தி, எண்ணெய்க் குழாய்களை இணைக்கவேண்டும். உயிர் வந்ததும் கருவி தன் இரு தாங்குகால்களையும் கையையும் தரையில் ஊன்றித் தன்னையே தூக்கிக்கொள்கிறது. மெல்லச் சாய்ந்து சட்டத்தின் தாங்கிகளில் உட்காருகிறது. இரண்டு பின்களைச் செருகினால் முடிந்தது. ஆறேழு அடி ஆழம் தோண்டிவிடும். வேலை முடிந்த அன்று மாலை பின்களை உருவிவிட்டு டிராக்டர் புல்வெளிக்குப் போய்விட, கை மட்டும் அடுத்த குழாய்க்காகத் தன் கால்களில் நின்றுகொண்டிருக்கும்.