நுரையீரல் புற்றுநோய்: இலக்கு மருந்து செயலிழப்பது ஏன்?

நுரையீரல் புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இன்று முதல் சிகிச்சையாக அளிக்கப்படுவது நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. அதை உட்கொள்ளத் தொடங்கிய சில வாரங்களிலேயே பலருக்கு மூச்சுத்திணறல் தணிகிறது, இருமல் குறைகிறது. படுத்த படுக்கையாகக் கிடந்தவர் எழுந்து நடமாடுவதும் உண்டு. ஆனால், நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே மாத்திரை பலனளிக்காமல் போகிறது. மருந்தின் தரமோ நோயாளியின் கவனக்குறைவோ பொதுவாக இதற்குக் காரணமல்ல. கட்டியின் தன்மையே மாறிவிடுகிறது. அது எவ்வாறு மாறியது என்பதைப் பொறுத்தே அடுத்த சிகிச்சை அமைகிறது.

இந்த மாத்திரைகளின் முதன்மை இலக்கு ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம். செல்லின் மேற்பரப்பில் அமைந்துள்ள இப்புரதம், வெளியிலிருந்து சமிக்ஞை வரும்போது மட்டும் செல்லைப் பெருகச் செய்யும். இதற்குரிய மரபணுவில் குறிப்பிட்ட திரிபுகள் ஏற்பட்டால், சமிக்ஞை இல்லாமலேயே அது ஓயாது இயங்கும். இந்தியாவில் அடினோகார்சினோமா வகை நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு இத்திரிபு காணப்படுகிறது. புகைப்பழக்கமே இல்லாதவர்களிடமும் பெண்களிடமும் இது அதிகம்.

இப்புரதத்தைத் தடுக்கும் ஜெஃபிடினிப் மருந்துக்கு ஜப்பான் 2002-லும் அமெரிக்கா 2003-லும் அனுமதி அளித்தன. ஒரு சிலருக்கு மட்டும் அது வியக்கத்தக்க பலன் தந்ததற்கான காரணம் அப்போது தெரியவில்லை. பாஸ்டன் நகரைச் சேர்ந்த இரு ஆய்வுக் குழுக்கள் 2004-ல் ஈஜிஎஃப்ஆர் திரிபைக் கண்டறிந்த பிறகே விடை கிடைத்தது. கிழக்காசிய நாடுகளில் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஐபாஸ் ஆய்வு இதை உறுதிப்படுத்தியது: திரிபு உள்ளவர்களுக்குக் கீமோதெரபியைவிட மாத்திரை சிறப்பாகச் செயல்பட்டது, திரிபு இல்லாதவர்களுக்கோ கீமோதெரபியே நல்ல பலன் தந்தது, மாத்திரை ஏறத்தாழ பயனற்றுப் போனது.

எனவே பரிசோதனை முடிவுக்கு முன் மாத்திரையைத் தொடங்குவது ஆபத்தானது. இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயைக் காசநோய் எனக் கருதி மாதக்கணக்கில் சிகிச்சை அளித்த பின்னரே உண்மை தெரியவரும் நிகழ்வுகள் அரிதல்ல. ஏற்கெனவே காலம் கடந்துவிட்டதே என்ற பதற்றத்தில் உடனடியாக ஏதேனும் ஒரு மருந்தைக் கொடுக்குமாறு குடும்பத்தினர் வற்புறுத்துவது இயல்பு. உடல்நிலை இடம் கொடுத்தால், சில நாட்கள் காத்திருந்து மரபணுப் பரிசோதனை முடிவைப் பெறுவதே நல்லது. காத்திருக்க இயலாதவர்களுக்கு மருத்துவர்கள் கீமோதெரபியைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்தபின் சிகிச்சையை மாற்றியமைக்கின்றனர்.

எதிர்ப்பு உருவாகும் விதம்

ஜெஃபிடினிப், எர்லோடினிப் ஆகியவை ஈஜிஎஃப்ஆர் புரதத்தில் உள்ள ஒரு குழிவில் அமர்ந்து அதன் இயக்கத்தை நிறுத்துகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறும் அதே குழிவில்தான் அமர வேண்டும். புரதத்தின் 790-வது இடத்தில் உள்ள அமினோ அமிலம் மாறிவிட்டால் ஏடிபியின் பிடி வலுப்பெற்று, போட்டியில் மருந்து தோற்றுவிடுகிறது. 2005-ல் கண்டறியப்பட்ட இந்த மாற்றத்துக்கு டி790எம் என்று பெயர். இவ்விரு மருந்துகளும் செயலிழந்த நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடமோ அதற்குச் சற்று அதிகமானோரிடமோ இது காணப்படுகிறது.

மருந்து எதிர்ப்பு என்றதும் காசநோயே பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கு மாத்திரைகளை இடையில் நிறுத்துவது எதிர்ப்புக்கு ஒரு முக்கியக் காரணம். புற்றுநோயிலோ ஒரு வேளை கூடத் தவறாமல் உட்கொண்டவருக்கும் அது உருவாகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத செல்கள் சில தொடக்கத்திலேயே கட்டிக்குள் இருக்கலாம். மற்றவை அழிய அழிய இவை பெருகுகின்றன. நோயாளிகள் தங்களைக் குற்றம் சாட்டிக்கொள்ள இதில் ஏதுமில்லை.

டி790எம் மாற்றத்தையும் வெல்லும் ஆசிமெர்டினிப் மருந்துக்கு 2015 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது 797-வது இடத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்துடன் நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது. பின்னர் ஃபுளோரா ஆய்வில் இதையே முதல் மருந்தாக அளித்தபோது, நோய் மீண்டும் வளரத் தொடங்கும் வரையிலான இடைநிலைக் காலம் 10.2 மாதங்களிலிருந்து 18.9 மாதங்களாக உயர்ந்தது. மூளைக்குப் பரவிய நோயையும் இது பழைய மருந்துகளைவிடச் சிறப்பாகக் கட்டுப்படுத்துகிறது.

ஆயினும் புற்றுநோய் இதற்கும் வழி கண்டது. சிலருக்கு 797-வது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதிலாக செரின் வந்துவிடுகிறது. மருந்து பற்றிக்கொள்ள அங்கு பிடிமானம் இருப்பதில்லை. சிலருக்கு மெட் என்ற வேறொரு மரபணு பல படிகளாகப் பெருகி, அடைபட்ட பாதைக்கு மாற்றுப்பாதை அமைக்கிறது. சிறு பகுதியினருக்குக் கட்டி சிறுசெல் புற்றுநோய் என்னும் வேறு வகையாகவே உருமாறுகிறது. அவர்களுக்கு உரியது சிறுசெல் புற்றுநோய்க்கான கீமோதெரபி.

இரத்தப் பரிசோதனை மூலம் மரபணு மாற்றங்கள் பலவற்றைக் கண்டறியலாம். ஆனால், இந்த உருமாற்றத்தை உறுதிசெய்யத் திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். மறுபடியும் பயாப்ஸியா என நோயாளிகள் தயங்கும் கட்டம் இதுவே. பாதுகாப்பாகச் செய்ய இயலுமெனில், அதைத் தவிர்ப்பது அடுத்த மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்வு செய்வதற்குச் சமம்.

மும்பை ஆய்வு

எதிர்ப்பு வரும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே இரு சிகிச்சைகளையும் சேர்த்தளித்தால் என்ன என்ற கேள்விக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை முக்கியமான விடை தந்தது. 350 நோயாளிகள் பங்கேற்ற அதன் ஆய்வில், ஜெஃபிடினிப் மட்டும் பெற்றவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த இடைநிலைக் காலம் 8 மாதங்கள். பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் ஆகிய கீமோதெரபி மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 16 மாதங்கள். கடுமையான பக்கவிளைவுகளும் 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக இரட்டித்தன என்பதை மறக்கலாகாது. உடல் வலுவிழந்த முதியவருக்கு இது பொருந்தாமல் போகலாம். ஆனாலும், இவை குறைந்த விலை ஜெனரிக் மருந்துகளாக இந்தியாவில் கிடைப்பவை என்பதால் இம்முடிவின் மதிப்பு பெரிது. பிற்பாடு ஆசிமெர்டினிப்புடன் கீமோதெரபியைச் சேர்த்த ஃபுளோரா-2 என்ற பன்னாட்டு ஆய்வும் அதே திசையையே காட்டியது: 16.7 மாதங்கள் 25.5 மாதங்களாக நீண்டன.

ஆசிமெர்டினிப்பின் விலை பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாததாகவே இருந்து வந்துள்ளது. 2024 ஜூலையில் தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட்டில் சுங்க வரி விலக்கு அறிவிக்கப்பட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளில் இதுவும் ஒன்று.

ஸ்கேனில் ஓரிடத்தில் மட்டும் வளர்ச்சி தென்பட்டால், அவ்விடத்துக்குக் கதிர்வீச்சு அளித்துவிட்டு அதே மாத்திரையைத் தொடர்வதும் வழக்கத்தில் உண்டு. பலனில்லை என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தினால் சிலருக்கு நோய் திடீரெனத் தீவிரமடையக்கூடும்.

மருந்து செயலிழந்தது போலத் தோன்றுவதற்கு வேறு காரணங்களும் உள்ளன. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகள், ஜெஃபிடினிப்பும் எர்லோடினிப்பும் உடலில் சேரும் அளவைக் குறைக்கின்றன. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், ஆசிமெர்டினிப் உட்பட மூன்றின் அளவையுமே இரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். இரு நோய்களும் ஒருங்கே உள்ளவர்கள், காசநோய்க்கு உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலைப் புற்றுநோய் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே காட்டிவிட வேண்டும்.