கணக்கில் ஒருவர், வழியில் இருவர்

1780 டிசம்பர் 6. இன்றைய பெரு நாட்டின் தென்மலைப் பகுதியில் உள்ள துங்கசூகா என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெண் தன் கணவருக்குக் கடிதம் அனுப்புகிறார். கணவரின் பெயர் ஹோசே. செல்லமாக ‘சேப்பே’ என்று கூப்பிடுகிறார். செல்லம் அந்த ஒரு வார்த்தையோடு சரி, மீதியெல்லாம் திட்டு. ஊர் ஊராக ஏன் இப்படி மெதுவாகப் போகிறாய், யௌரியில் எதற்கு இரண்டு நாள் உட்கார்ந்தாய், படைக்கு வந்தவர்கள் சலித்துப்போய் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்களே என்று கேட்கிறார். உடனே குஸ்கோ நகரத்துக்குப் போ என்று எத்தனையோ முறை சொல்லியும் நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை, இப்போது எதிரி பிக்ச்சு குன்றின்மேல் பீரங்கிகளை ஏற்றிவிட்டான் என்று பொரிகிறார்.

அனுப்பியவர் மிக்காயெலா பஸ்தீதாஸ். வாங்கியவர் ஹோசே கப்ரியேல் கொந்தோர்கான்கி. இரண்டாம் துபாக் அமாரு என்று சொன்னால் சிலருக்குத் தெரியலாம். ராப் பாடகர் துபாக் ஷகூருக்கு வைத்த பெயர் இவருடையதுதான். ஆண்டிஸ் மலைநாட்டில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக எழுந்த மிகப் பெரிய கிளர்ச்சியின் தலைவர் அவர். அந்தக் கிளர்ச்சி எந்தப் பாதையில் பிறந்து எந்தப் பாதையில் நசுக்கப்பட்டதோ, ஏறக்குறைய அதே வழியில் நானும் என் மனைவியும் ஒரு குழுவோடு போய் வந்தோம். குஸ்கோவில் கிளம்பி, தித்திகாகா ஏரிக்கரை வழியாக லா பாஸ், கடைசியில் பொத்தோசி. பெரிய லாரியின் பின்பகுதியில் இருக்கைகள் போட்டுப் பேருந்தாக்கிய வண்டி. கூடாரம், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டியோடு வரும். சமையலுக்கு முறை போட்டிருந்தார்கள். ஜோடியாக வந்தவர்களுக்கு ஜோடியாகவே முறை.

இந்த ‘முறை’ என்ற சொல்லிலிருந்துதான் பாதையின் வரலாற்றைத் தொடங்க வேண்டும். கெச்சுவா மொழியில் அதற்கு ‘மித்தா’ என்று பெயர்.

*

இன்கா அரசில் நாணயம் இல்லை. குடிமக்கள் வரியை உழைப்பாகத்தான் செலுத்தினார்கள். பாலம் கட்ட, சாலை போட, படைக்குப் போக, அரசு நிலத்தை உழ என்று ஊருக்கு ஊர் முறை வைத்து ஆள் அனுப்பினார்கள். இன்று காப்பாக் ஞான் என்று அழைக்கப்படும், 30,000 கிலோமீட்டருக்கும் நீளமான சாலைப் பின்னல் அப்படி உருவானதுதான். முறைக்குப் போனவருக்குச் சாப்பாடும் சோளக் கள்ளும் அரசு தரும். அவர் இல்லாத நாளில் அவருடைய நிலத்தை ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அதுவும் பேரரசுதான், வரமாட்டேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு விஷயம் முக்கியம். கல்யாணம் ஆகாத ஆணை முழுக் குடிமகனாகக் கணக்கில் வைக்கவில்லை. கல்யாணமாகிக் குடும்பம் ஆன பிறகுதான் அவன்மேல் முறை விழும். அரசு எண்ணியது ஆளை அல்ல, ஜோடியை.

ஐமாரா மொழியில் ‘சாச்சா-வார்மி’ என்பார்கள். ஆண்-பெண் என்று நேர்ப்பொருள். இருவரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆள் என்ற கருத்து. இதைக் கேட்டதும் நமக்கு உருகத் தோன்றும். ஆனால் ஹுலியெட்டா பரேடெஸ் போன்ற ஐமாரா பெண்ணியவாதிகள், இந்த அழகான சொல்லுக்குள் சமமின்மை ஒளிந்துகொள்கிறது என்று கறாராகச் சொல்கிறார்கள். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இந்தச் சேர்ந்து செய்கிற வேலையும் அதன் விலக்கும் ஒரே இடத்தில் தெரிவது கெஸ்வாசாகா என்ற புல்பாலத்தில். குஸ்கோவுக்குத் தெற்கே, அபுரிமாக் ஆற்றின்மேல், முழுக்க முழுக்கப் புல்லைத் திரித்துக் கட்டிய தொங்குபாலம். ஒவ்வொரு ஜூன் மாதமும் நான்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து பழையதை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கொரோனா காலத்தில் பராமரிப்பு நின்றுபோய் 2021இல் அறுந்து விழுந்தது. அந்த ஜூனிலேயே மறுபடி கட்டிவிட்டார்கள். மெல்லிய புரிகளைத் திரிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆனால் கட்டும்போது அவர்கள் பாலத்தை நெருங்கக்கூடாது, நெருங்கினால் ஆபத்து வரும் என்பது நம்பிக்கை. பாலத்தில் நின்று படம் எடுக்கப்படுபவர்கள் ஆண்கள். பாலத்தைத் தாங்குவது பெண்கள் திரித்த புரி.

*

1545இல் பொத்தோசியில் வெள்ளி கிடைத்தது. 4,000 மீட்டருக்குமேல், புல்லைத் தவிர எதுவும் சரியாக விளையாத இடத்தில், ஒரு நூற்றாண்டுக்குள் லட்சம் பேரைத் தாண்டிய நகரம் முளைத்தது. சுரங்கத்துக்குள் இறங்கத்தான் ஆள் போதவில்லை. வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி டொலேடோ 1570களில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். புதிய சொல் எதுவும் தேவைப்படவில்லை. மக்களுக்கு ஏற்கனவே பழகிய சொல்லையே எடுத்துக்கொண்டார். மித்தா. முறை. குஸ்கோவின் தெற்கிலிருந்து பொலிவியாவின் தென்கோடி வரை பதினாறு மாகாணங்கள், வரி கட்டும் ஆண்களில் ஏழில் ஒருவர், ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர்.

சொல் அதேதான். சாப்பாடு போடும் பொறுப்பு மட்டும் காணாமல் போனது. வழிச்செலவுக்கு உருப்படியாக எதுவும் இல்லை. கூலி உண்டு, ஆனால் பொத்தோசி விலைவாசியில் அது ஒருவருக்கே போதாது. இன்னொன்றும் மாறியது. ஸ்பானியக் கணக்குப் புத்தகத்தில் ஜோடி இல்லை. 18 முதல் 50 வயது வரையுள்ள ஆண் மட்டும்தான்.

நடந்ததோ வேறு. தித்திகாகா கரையில் பூனோவுக்குக் கொஞ்சம் தெற்கே சுக்குயித்தோ என்ற ஊர் இருக்கிறது. எங்கள் வண்டி அங்கே காலைச் சாப்பாட்டுக்கு நின்றது. அமைதியான ஏரிக்கரை, சிவப்புக் கல் தேவாலயம், வெயிலில் படுத்திருக்கும் நாய்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்போன்சோ மெசியா என்ற பாதிரியார் அந்த மாகாணத்து ஆட்கள் முறைக்குக் கிளம்புவதை இரண்டு தடவை நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பட்டியலில் இருந்தவர்கள் 2,200 ஆண்கள். சாலையில் நடந்தவர்கள் சுமார் 7,000 பேர். மீதிப் பேர் மனைவியரும் பிள்ளைகளும்தான். ஆளுக்கு எட்டு, பத்து லாமாக்கள், அவற்றின் முதுகில் கிழங்கும் பாய் படுக்கையும். பொத்தோசி போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும். ஆடுமாடு வேகமாக நடக்காது, ஐந்தாறு வயதுப் பிள்ளைகளும் நடந்தே வருகிறார்கள் என்று அவரே காரணமும் சொல்கிறார். முறை முடிந்து திரும்பியவர்கள் 2,000 பேர்தான். மற்ற 5,000 பேரில் பலர் செத்துப்போனார்கள். பலர், ஏறித் திரும்ப விலங்கும் கையில் காசும் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அந்த இடத்தில் நின்று இதைச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: “அப்போ 4,800 பேரை அவங்க கணக்குலயே சேர்க்கலையா?”

சேர்க்கவில்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் பொத்தோசி ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. சுரங்கத்துக்குச் சாப்பாடு சுமந்து போனவர்கள், சந்தையில் கடை போட்டவர்கள், சோளக் கள் காய்ச்சியவர்கள், கொட்டிய கல்லில் வெள்ளி இருக்கிறதா என்று பொறுக்கியவர்கள் என்று எங்கும் பெண்கள்தான். அந்த நெடும்பயணத்தைத் தாங்கிய ‘சுஞ்ஞோ’ என்ற உலர்ந்த உருளைக்கிழங்கும் அப்படித்தான். இரவுப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வடித்து, வெயிலில் காயவைத்துச் செய்வது. கருங்கல் மாதிரி இருக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. அதைப் பொத்தோசிக்குக் கொண்டுபோய் விற்றே பணக்காரர்களான ஸ்பானியர்கள் உண்டு. எங்கள் முறை வந்த நாளில் அதை ஊறவைத்துக் குழம்பில் போட்டோம். சும்மா சொல்லக்கூடாது, பசி இருந்தால் மட்டுமே இறங்கும்.

*

ஹோசே கப்ரியேல் இந்தப் பாதையைப் புத்தகத்தில் படித்தவர் அல்ல. பிழைப்பே அதில்தான். சுமார் 350 கோவேறு கழுதைகள் வைத்துக் குஸ்கோவுக்கும் பொத்தோசிக்கும் இடையே சரக்கு ஏற்றினார். கூடவே மூன்று ஊர்களுக்குப் பரம்பரைத் தலைவர், குராக்கா. முறைக்கு ஆள் பிடித்து அனுப்புவது குராக்காவின் கடமை. தான் அனுப்பியவர்கள் வழியில் என்ன ஆனார்கள் என்பதையும் சரக்கோடு போகும்போது அவரே பார்த்திருப்பார். 1777இல் லிமாவுக்குப் போய், எங்கள் ஊர்களுக்கு முறையிலிருந்து விலக்கு கொடுங்கள் என்று மனு போட்டார். நடக்கவில்லை.

1780 நவம்பர் 4ஆம் தேதி அவர் மாகாண அதிகாரி அன்தோனியோ டி அர்ரியாகாவைப் பிடித்தார். 10ஆம் தேதி துங்கசூகாவில் கூட்டத்தின் முன்னால் தூக்கிலிட்டார். 18ஆம் தேதி சங்கராராவில் ஸ்பானியப் படை தோற்றது. படையினர் ஒளிந்திருந்த தேவாலயம் எரிந்தது, நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். பிஷப் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்.

இங்கிருந்துதான் மிக்காயெலாவின் கதை. கணவர் படையோடு தெற்கே போனபோது துங்கசூகாவில் உட்கார்ந்து கிளர்ச்சியை நடத்தியவர் அவர். தானியம் எங்கிருந்து வர வேண்டும், எந்தப் பாலத்தை யார் காக்க வேண்டும், யாருக்கு வழிச்சீட்டு தரலாம், யார் உளவாளி, எல்லாம் அவர் முடிவு. 1760இல் கல்யாணம், மூன்று ஆண் பிள்ளைகள், இருபது ஆண்டுக் குடும்ப வாழ்க்கை. கழுதை வியாபாரத்தில் கணவர் பாதையில் இருக்கும்போது வீட்டையும் கணக்கையும் பார்த்துக்கொண்ட அதே பழக்கம் இப்போது போர்க்களத்துக்கு வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடிதம் சொன்னதுதான் நடந்தது. டிசம்பர் கடைசியில் அவர் குஸ்கோவை முற்றுகையிட்டபோது நகரம் தயாராக இருந்தது. ஜனவரியில் பின்வாங்கினார். ஏப்ரலில் குடும்பத்தோடு பிடிபட்டார். 1781 மே 18, குஸ்கோவின் பெரிய சதுக்கத்தில் தண்டனை. மூத்த மகன் ஹிப்போலித்தோவைத் தாய் தந்தை கண்முன்னால் கொன்றார்கள். மிக்காயெலாவின் மெலிந்த கழுத்தைக் கழுத்திறுக்கும் இரும்புக் கருவி பிடிக்கவில்லை. கயிறு போட்டு இழுத்தும் உதைத்தும் கொன்றார்கள். ஹோசே கப்ரியேலை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தும் உடல் கிழியவில்லை, கடைசியில் தலையை வெட்டினார்கள். இளைய மகன் பெர்னாந்தோ சிறு பையன். எல்லாவற்றையும் பார்க்க வைத்தார்கள். தலையும் கைகால்களும் ஊர் ஊராகப் போயின. கணவன் மனைவி இருவரின் உடல்களையும் எரித்த இடம் பிக்ச்சு குன்று. மிக்காயெலா கடிதத்தில் எச்சரித்த அதே குன்று.

அன்று கொல்லப்பட்டவர்களில் அக்கோஸ் ஊரின் தலைவி தொமாசா தித்தோ கொந்தெமைத்தாவும் ஒருவர். இரு நூற்றாண்டுகளாக இந்தப் பாதையில் நடந்த பெண்ணின் பெயரை எழுதாத அரசு, அவளை ஆணுக்குச் சமமாக எண்ணியது தண்டனைப் பட்டியலில்தான்.

*

கிளர்ச்சி அதோடு ஓயவில்லை. லா பாஸில் கம்பிவடத் தொங்குவண்டியில் ஏறி மேலே எல் ஆல்தோ போனால், கீழே கிண்ணம் மாதிரி நகரம் மொத்தமும் தெரியும். 1781 மார்ச்சில் அந்த விளிம்பில் நின்று நகரத்தை முற்றுகையிட்டவர்களும் ஒரு ஜோடிதான்: துபாக் கத்தாரி, பர்த்தோலினா சீசா. கோக்கா இலையும் துணியும் விற்றுப் பாதையில் வாழ்ந்தவர்கள். முற்றுகை இரண்டு கட்டமாக ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்தது. ஜூலையில் சீசா பிடிபட்டார். நவம்பரில் கத்தாரியைக் குதிரைகள் கட்டிக் கிழித்துக் கொன்றார்கள். சீசாவை 1782 செப்டம்பர் 5இல் கொன்றார்கள். அந்தத் தேதிதான் இன்று உலகப் பழங்குடிப் பெண்கள் தினம். மித்தாவை ஸ்பானிய நாடாளுமன்றம் ஒழித்தது 1812இல்.

ஒழித்தது சட்டத்தை. மலை அப்படியே இருக்கிறது. பொத்தோசியில் ‘செர்ரோ ரிக்கோ’, பணக்கார மலை, இன்றும் குடையப்படுகிறது. கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். எங்கள் குழுவுக்கும் அதில் ஒரு காலை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தொழிலாளர்களுக்குப் பரிசாகக் கோக்கா இலையும் குளிர்பானமும் வாங்கிக்கொண்டு, தலையில் விளக்கோடு உள்ளே போய்வருவது.

“நான் வரலை. நீங்க போயிட்டு வாங்க. ஒருத்தர் கஷ்டப்பட்டு வேலை செய்யறதை வரிசையில நின்னு பார்க்க என்னால முடியாது” என்றாள் மனைவி. நான் போனேன். குனிந்து, சில இடங்களில் தவழ்ந்து, தூசியும் கந்தக வாடையுமாக ஒன்றரை மணி நேரம். உள்ளே ‘தியோ’ என்ற கொம்பு வைத்த சாமி உட்கார்ந்திருக்கிறது. மலைக்கு வெளியே கடவுள், உள்ளே இவர். வாயில் சிகரெட், மடியில் கோக்கா இலை. பெண்கள் உள்ளே வந்தால் வெள்ளி மறைந்துவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கையும் உண்டு.

வெளியே வந்தபோது மனைவி சுரங்க வாசலை ஒட்டிய ஓர் ஒற்றை அறை வீட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண். ராத்திரியில் கருவிகள் திருடு போகாமல் காவல் இருப்பவர். பகலில் கொட்டிக் கிடக்கும் கல்லை உடைத்துத் தாது பொறுக்குவார். கணவர் இதே சுரங்கத்தில் வேலை செய்து நுரையீரல் கெட்டு இறந்துவிட்டார். மலையைச் சுற்றி இப்படி நிறைய விதவைகள் இருக்கிறார்கள் என்றார் வழிகாட்டி.

மனைவி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: இந்த அம்மா சங்கத்தில் உறுப்பினரா?

வழிகாட்டி அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத் திரும்பினார். இல்லையாம். கணவர் உறுப்பினராக இருந்தார். இவருக்குக் காவல் கூலி மட்டும்தான்.