முகத்து மருவும் காலின் புண்ணும்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் புறஊதாக் கதிரின் வலிமை சுமார் 10 வீதம் கூடும். குளிர் அதைத் தடுப்பதில்லை. மெல்லிய முகிலும் பெரும்பகுதியை விட்டுவிடும். இருந்தும், கொழுந்தெடுக்கும் பெண்களின் தோல் புற்றை வெயிலில் மட்டும் தேடினால் கோட்டைவிட்டுவிடுவோம் என்றே நினைக்கிறேன். மெலனோமா அல்லாத தோல் புற்றுகளில் முக்கியமான இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அடிக்கலப் புற்று மேல்தோலின் அடிவரிசைக் கலங்களில் தொடங்குவது. வெயில் படும் மூக்கும் கண்ணோரமும் கன்னமும் அதன் இடம். வெள்ளைத் தோலினரிடம் மிக அதிகம். அவர்களுக்கு மினுங்கும் சிறு கட்டியாகத் தெரிவது, நம் மாநிறத் தோலில் பலசமயம் கறுத்தே இருக்கும். மரு என்று விட்டுவிடுகிறோம். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. விட்டுவைத்தால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும்.

செதிள்கலப் புற்று அதற்கு மேலடுக்கில் எழுவது. வெயில் இதற்கும் காரணம்தான், ஆனால் இதற்கு இன்னொரு வழியும் உண்டு: நாட்பட்ட புண், தீக்காயத் தழும்பு. கறுத்த தோலினரிடம் இந்த வழிதான் பெரிது. ஆகவே வெயிலே படாத காலிலும் வருகிறது. தழும்பில் எழும் இத்தகைய புண்களை 1828இல் விவரித்த பிரெஞ்சு வைத்தியர் மார்ஜொலினின் பெயரையே மருத்துவம் அவற்றுக்கு வைத்திருக்கிறது. சுட்டதற்கும் புற்றுக்கும் இடையே முப்பது ஆண்டுகள்கூட ஓடிவிடும். காஷ்மீரில் குளிருக்காக ஆடைக்குள் காங்கிரி என்னும் கனல்சட்டியை வைத்துக்கொள்வோருக்குத் தொடையிலும் வயிற்றிலும் தோன்றும் புற்றும் இதே வகைதான்.

இனி நம் லயத்துக்கு வருவோம். சின்ன வயதில் விறகடுப்பில் வெந்த கால். தேயிலை வாது கிழித்த கெண்டைக்கால். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து வந்த புண். சீனி வருத்தத்தால் ஆறாத பாதம். இவற்றில் மிகப் பெரும்பாலானவை புற்றாவதில்லை. ஆறாமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பவையே பயப்பட வேண்டியவை, அவற்றை இடுப்புப் படங்கு மறைத்துவிடுகிறது. கிளினிக்கிற்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, இல்லை. டிஸ்பென்சரியில் மருந்து கட்டிக்கொண்டு மறுநாளும் மலைக்கு ஏறுகிறார்கள். இதை அவர்களின் அசட்டை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அடிக்கலப் புற்றைத் தவறவிட்டால் முகம் கெடும். செதிள்கலப் புற்றைத் தவறவிட்டால் கவட்டில் நெறி கட்டி, உயிருக்கே வந்துவிடலாம்; அதிலும் தழும்பில் எழுவது, வெயிலால் வருவதைவிடக் கூடுதலாகப் பரவும் இயல்புள்ளது. புண்ணின் ஓரம் தடித்துப் புரண்டிருந்தால், தொட்டதும் இரத்தம் கசிந்தால், புதிதாக நாற்றமெடுத்தால் காத்திருக்கக்கூடாது. மூன்று மாதம் மருந்து கட்டியும் ஆறாத புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துண்டெடுத்துப் பயொப்சி செய்யவேண்டும். நுவரெலியா ஆஸ்பத்திரியில் காட்டலாம். தேவைப்பட்டால் கண்டிக்கோ மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். ஆரம்பத்தில் சுற்றிலும் கொஞ்சம் நல்ல தோலோடு வெட்டியெடுத்தால் பெரும்பாலும் போதும். எலும்புவரை போய்விட்டால் காலையே எடுக்க நேரும். ஒரே காலுக்கு எத்தனை மாதமாகக் கட்டுப் போடுகிறோம் என்பதைத் தோட்டத்து டிஸ்பென்சரிகள் இனியாவது எழுதிவைக்கவேண்டும்.