திண்ணையில் தொடங்கிய ஓட்டம்

மதுரையில் ரேஸ்கோர்ஸ் என்று சொன்னால் ஆட்டோக்காரர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்க வாசலில் இறக்கிவிடுவார். வெள்ளைக்காரன் காலத்தில் குதிரை ஓடிய பக்கம் அது. இப்போது விடியற்காலையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

நான் பி.இ.டி. வாத்தியாராகச் சேர்ந்த காலத்தில் சுற்றுப்பட்டுப் பள்ளிகளுக்கு டிராக் ஏது? கோடையில் வற்றிய கண்மாய்தான் மைதானம். சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவோம். இரண்டு பலகையைச் சேர்த்துத் தட்டினால் அதுதான் துப்பாக்கிச் சத்தம். ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பதில் மண்ணில் இரண்டு குழி. குழியின் பின்சுவர் செங்குத்தாக இருக்கவேண்டும். சரிந்திருந்தால் கிளம்பும்போதே கால் வழுக்கிவிடும். ஸ்பைக்ஸ் பள்ளிக்கு ஓரிரு ஜோடி இருந்தால் அதிகம். அளவு பெரிதென்றால் முனையில் துணியை அடைத்து மாட்டிக்கொள்வார்கள். மற்றவர்களுக்கு வெறுங்கால்தான்.

ஓடச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலை. மீதி, வீட்டுத் திண்ணையில். "பொம்பளப் பிள்ளைய வெளியூருக்கு எப்படி சார் அனுப்புறது?" அப்பா கேட்பார், அத்தை கேட்பார், சம்பந்தமே இல்லாத எதிர்வீட்டுக்காரரும் கேட்பார். இதற்குப் பதில் சொல்லத் தெரியாத வாத்தியாரிடம் ஸ்டாப்வாட்ச் இருந்து என்ன பயன்? எங்கள் ஊர்த் தடகள வரலாற்றை எழுதுகிறவர்கள் பதக்கப் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். திண்ணைப் பேச்சு அதில் வருவதேயில்லை.

ஒலிம்பிக் வரை ஓடிய சக்கிமங்கலம் ரேவதி வீரமணியையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் தாய் தகப்பன் இருவரும் போய்விட்டார்கள். கூலி வேலை செய்து வளர்த்தது பாட்டி. பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுகொண்டார். பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. கண்ணன் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கி, லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் ஏற்பாடு செய்தார். 2016-இல் ஜூனியர் தேசியப் போட்டியிலும் ரேவதி வெறுங்காலோடுதான் ஓடினார். ஷூ அதற்குப் பிறகுதான்.

100, 200 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தவரை 2019-இல் பாட்டியாலா தேசிய முகாமில் 400-க்கு மாறச் சொன்னவர் பயிற்சியாளர் கலினா புகாரினா. சும்மா மாறிவிடும் தூரமல்ல அது. முந்நூறு மீட்டர் தாண்டியதும் தொடை கல்லாக இறுகும். அதற்கு மேல் வேகம் கூட்ட முடியாது, குறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். 2021 ஜூலைத் தகுதிப் போட்டியில் 53.55 விநாடி. அதே மாதம் டோக்கியோவில், ஒலிம்பிக்கில் முதன்முறையாக நடந்த ஆண்-பெண் கலப்பு 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் இரண்டாவது சுற்று ரேவதியுடையது. அடுத்து சுபா வெங்கடேசன், கடைசியில் ஆரோக்கிய ராஜீவ். நால்வரில் மூவர் தமிழ்நாட்டுக்காரர்கள்! 3 நிமிடம் 19.93 விநாடி, தகுதிச் சுற்றில் தங்கள் பிரிவில் கடைசி இடம். அதனால் என்ன என்பதுதான் என் கட்சி.

டோக்கியோவுக்கு முன்பே ரேவதி தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் வேலையில் இருந்தார். ஊரில் எடுபட்டது அந்தச் செய்திதான். இன்றைக்கு இளைய பி.இ.டி. ஒருவரோடு போய்த் திண்ணையில் உட்கார்ந்தால், வெளியூர்ப் பேச்சுக்கு முன்னால் வேறொரு கேள்வி வருகிறது: "ரயில்வேல எடுப்பாங்களா சார்?"